தேய்வதும் தேயாததும்: திருவொற்றியூர் புல்லட்டைச் சேஸிஸிலிருந்து மறுபடி எழுப்புதல்

1. ஆய்வுப் பொருள்

கேட்பாரற்றுக் கிடந்த பழைய புல்லட்டைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் முதலில் பெயிண்டைப் பற்றித்தான் பேசுவார். கறுப்பு அடிக்கலாமா, டேங்கில் தங்கக் கோடு இழுக்க ஆள் கிடைப்பாரா என்பார். இக்கட்டுரை அந்தப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடைசி நட்டு வரை கழற்றி மறுபடி கட்டும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற பாகுபாடு வேண்டும். அதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வண்டியை வரைந்தவர்கள் இரும்பிலேயே அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது இங்கு முன்வைக்கும் வாதம். எடுத்துக்காட்டாகக் கொண்டது 1970களில் திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சிசி புல்லட்: ஆறு வோல்ட், வலக்கால் கியர், இடக்கைப் பக்கம் டிகம்ப்ரஷன் லீவர்.

2. மரபு

‘புல்லட்’ என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த என்ஃபீல்டு ஆலையில் 1932இல் பிறந்தது. பின்சக்கரம் ஊசலாடும் கையில் நிற்கும் வடிவம் 1940களின் இறுதியில் வந்தது. 1955இல் அந்த ஆங்கில நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர, என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலைதான். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் மூல நிறுவனத்தின் உற்பத்தியே நின்றது. வடசென்னையில் மட்டும் அதே வரைபடம் தொடர்ந்து உலோகமாகிக்கொண்டிருந்தது.

வரைபடம் இஞ்ச் கணக்கில் இருந்ததுதான் இங்கே முக்கியம். இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியது 1956இல். ஆனால் வடசென்னையிலிருந்து புறப்பட்ட வண்டியின் மரைகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் மரைகளாகவே இருந்தன. இந்த முரண்பாட்டின் விலையைப் பட்டறையில்தான் கொடுக்கிறோம். 5/16 இஞ்ச் பிஎஸ்எஃப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னதில் இஞ்சுக்கு 22 மரை, சரிவு 55 பாகை. பின்னதில் இஞ்சுக்கு ஏறக்குறைய 20, சரிவு 60 பாகை. எம்8 போல்ட் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். ‘நல்லா டைட்டாயிடுச்சு’ என்று பையன் சொல்லும்போது அலுமினிய உறைக்குள் மரை அறுந்துகொண்டிருக்கும். நாற்பது ஆண்டு மழையும் துருவும் செய்யாத சேதத்தை ஒரு ஸ்பானர் அரை நிமிடத்தில் செய்துவிடும்.

3. பிரித்தல்

கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டும். வழிந்து காய்ந்த ஆயில் எந்த இணைப்பில் கசிவு என்று காட்டும். ஒரு பக்கம் மட்டும் மின்னும் செயின் பல், சக்கரம் நேர்க்கோட்டில் இல்லை என்று சொல்லும். டீசலும் பிரஷும் இந்தச் சாட்சிகளையெல்லாம் பத்து நிமிடத்தில் அழித்துவிடும். அதனால் முதலில் படம், பிறகு அளவு, அதன் பிறகே கழுவல்.

பல ஆண்டு நின்ற வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். கிக்கர் மேல் ஏறி மிதிப்பவர் பிஸ்டனை விடுவிப்பதில்லை, கிக்கரின் பல்லைத்தான் உடைக்கிறார். பிளக் ஓட்டை வழியாக ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

4. சேஸிஸ்

புல்லட்டின் சேஸிஸ் அடியில் திறந்தது. கழுத்திலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாயின் அடிமுனைக்கும் பின்னால் இருக்கும் தகடுகளுக்கும் நடுவே குழாய் எதுவும் ஓடுவதில்லை. அந்த இடைவெளிக்குப் பாலம் என்ஜின்தான். கிராங்க் உறையின் பின்புறத்தோடு ஆல்பியன் கியர்பாக்ஸ் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து சட்டத்தின் கீழ்ப்பகுதியாக வேலை செய்கின்றன. என்ஜினைத் தாங்கும் சட்டம் என்று வழக்கமாகச் சொல்வதை இந்த வண்டிக்கு முழுமையாகச் சொல்ல முடியாது. சட்டத்தை என்ஜினும் தாங்குகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். முதலாவது, என்ஜின் போல்ட்டுகள் தளர்ந்து ஓடிய வண்டியில் துளைகள் முட்டை வடிவாகியிருக்கும். தடித்த வாஷர் போட்டு இறுக்குவது நோயை மூடிவைப்பது. துளையைப் பற்றவைத்து அடைத்து, சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். இரண்டாவது, தேயக் கூடாத பாகங்களின் பட்டியலில் சேஸிஸுடன் கிராங்க் உறையும் சேர்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மாற்றினால் மிஞ்சுவது வேறு வண்டி.

வளைவு பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. இரு சக்கரமும் 19 இஞ்ச், டயரும் 3.25. ஆகவே பின்டயரின் இரு பக்கமும் நூல் கட்டி முன்னே இழுத்தால் முன்டயரை ஒரே அளவில் தொட வேண்டும். தொடவில்லை என்றால் குற்றம் பின்கையிலா, கழுத்திலா, ஃபோர்க்கிலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம். உள்பக்கத் துருவுக்குக் காதுதான் கருவி. சிறு சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிப் போனால், நல்ல இரும்பு மணியாக ஒலிக்கும். மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். எண்ணூர், காசிமேடு பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டிகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

5. என்ஜின்

விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சிசி. நிதானமான 18 குதிரைத்திறன்.

சிலிண்டர் சமமாகத் தேய்வதில்லை. வெடிப்பின் சூடும் அழுத்தமும் மிகுந்து, ஆயில் குறைந்திருக்கும் மேற்பகுதியில், ரிங்குகள் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். விரல் நகத்தால் தடவினால் அங்கே ஒரு வரம்பு தட்டுப்படும். கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளும் பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாகக் குழியும். ஆகவே மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரு திசையில் அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு ‘போர் ஓகே’ என்று சொல்லும் லேத்துப் பட்டறையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுவது நல்லது.

தேய்மானம் மிகுந்தால் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். 20 தவ், 40 தவ், 60 தவ் எனப் படிகள் உண்டு. தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 தவ் போட்டால் விட்டம் 71.52 மி.மீ. ஆகிறது, கொள்ளளவு ஏறக்குறைய 361 சிசி. பதிவுப் புத்தகம் 346 என்கிறது, என்ஜின் 15 சிசி கூடுதலாகச் சுவாசிக்கிறது. இது வண்டியின் அடையாளத்தைக் குலைக்கிறதா? இல்லை என்பேன். சிலிண்டர்ச் சுவரை அந்தத் தடிப்பில் வார்த்தபோதே இத்தனை தேய்மானத்துக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. படிகள் தீர்ந்தபின் லைனர் இறக்கிப் பழைய 70க்கே திரும்பலாம். தேய்வதற்கென்றே செய்த பாகம் தேய்ந்ததும் மாறுவது வரைபடத்துக்குக் கீழ்ப்படிதலே.

அடியில் இருக்கும் பிக் எண்டுக்கும் இதே விதி. 1970களின் புல்லட்டில் அங்கே உருளைகள் இல்லை, மிதக்கும் புஷ்தான். கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே தானும் சுழலும் வளையம் அது. முழுக்க ஆயில் படலத்தை நம்பி வாழ்வது. ஆயில் பம்ப் இரண்டு, ஒன்று அனுப்ப, மற்றது திரும்ப எடுக்க. அவற்றின் வழிகளை ஊதிச் சுத்தம் செய்யாமல் புதுப் புஷ் போட்டால் அந்தச் செலவு வீண்.

6. பூச்சு

இப்போது பெயிண்டுக்கு வரலாம். பவுடர் கோட்டிங் உறுதியானது, மலிவும்கூட. ஆனால் தடிமன் 60 மைக்ரானுக்கு மேல் போகும். கழுத்தில் கோன் செட் உட்காரும் இடத்தையும் மரைத் துளைகளையும் மறைத்துக்கொள்ளச் சொல்லாவிட்டால், பிறகு அரத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். சேஸிஸ் எண்ணும் பூச்சுக்குள் மூழ்கிவிடும். அதன் விளைவு அடுத்த பகுதியில்.

குரோமியத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. மினுமினுப்பு குரோமியத்தால் வருவதாக நினைக்கிறோம். அது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தோல். ஆழமான பளபளப்பைத் தருவது அதன் அடியில் இருக்கும் நிக்கல். நிக்கலைச் சிக்கனப்படுத்திய முலாம் சென்னையின் ஓர் ஐப்பசி மழைக்குத் தாங்காது.

பழைய பாகம் சரிசெய்யக்கூடியதாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வது என் சார்பு. புதுப்பேட்டையில் பழைய மட்கார்டு கிடைக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது கிடைக்கும். புதிதின் தகடு மெலிதாக இருப்பதைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

7. சட்டத்தின் பார்வை

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, சேஸிஸிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவெண்ணில் ‘விஏ’ எழுத்துகள். வணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ அனுமதி இல்லை. விதியை எழுதியவர்கள் சேஸிஸையும் என்ஜினையும் தனித்தனியே குறித்தாலும், புல்லட்டைப் பொறுத்தவரை அவை ஒரே உடல் என்று நான்காம் பகுதியில் கண்டோம். எண்களை மீண்டும் பொறிக்க வேண்டிய நிலைக்குத் தேய்த்து மெருகேற்றுவது மீட்பாளர் தனக்கே வைக்கும் வேட்டு. அன்றாடம் ஓட்ட விரும்புபவர் பழைய மூன்றெழுத்துப் பதிவையே உயிரோடு வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது.

8. முதல் உதை

பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது அறுபது முறை மெதுவாக மிதிக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், திரும்பும் ஆயில் விட்டு விட்டுத் துப்புவது தெரிய வேண்டும். தெரியும் வரை பிளக் மேசை மேலேயே இருக்கட்டும்.

பிறகு சாவி. ஹெட்லைட் உறையில் இருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் பாயிண்ட் திறக்கும் நொடியில் முள் நடுவுக்கு வரும். லீவரைப் பிடித்து இன்னும் சற்றே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்காலில் ஒரே உதை. பிடித்துக்கொண்டால் அதிகம் முறுக்காமல் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம். டேப்பெட் பார்ப்பது மறுநாள் காலை, என்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின்: புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.