சதுரங்கத் தரப்புள்ளிக் கணக்கும் தமிழ்நாடும்

சதுரங்கத் தரப்புள்ளி என்பது ஒரு சதுரங்க ஆட்டக்காரரின் திறனை எண்ணால் குறிக்கும் அளவீடு ஆகும். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இதனை மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. கிராண்ட்மாஸ்டர் பட்டம், பெரிய போட்டிகளுக்கான அழைப்பு, உலக வாகையர் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பு ஆகியவை பெரிதும் இந்தப் புள்ளிகளைப் பொறுத்தே அமைகின்றன. புள்ளி உள்ளவரோடு ஆடினால்தான் புள்ளி கிடைக்கும் என்பது இக்கணக்கின் அடிப்படை. ஆகவே திறமையோடு, தகுந்த எதிராளிகள் கிடைக்கும் இடமும் ஓர் ஆட்டக்காரரின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. 1961 முதல் இன்றுவரையிலான தமிழ்நாட்டுச் சதுரங்க வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

தோற்றம்

1950களில் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு ஹார்க்னஸ் முறை என்ற ஒரு தரவரிசை முறையைப் பின்பற்றியது. அதில் சில முரண்பாடுகள் இருந்தன. அவற்றைக் களைய, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்ப்பாத் எலோ என்பவர் புதிய முறையொன்றை வகுத்தார். இவர் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. அவர் வகுத்த முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு 1960இலும், ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. அவர் பெயராலேயே இது எலோ முறை எனப்படுகிறது.

தொடக்கத்தில் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை வெளிவந்தது. பின்னர் ஆண்டுக்கு இருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, இரு மாதங்களுக்கு ஒருமுறை எனக் கால இடைவெளி குறைந்து, 2012 சூலை முதல் மாதந்தோறும் வெளிவருகிறது.

கணக்கிடும் முறை

எலோ முறையில் வெற்றிக்கு இவ்வளவு, தோல்விக்கு இவ்வளவு என்ற நிலையான புள்ளிகள் கிடையா. ஆட்டத்திற்கு முன் இருவரின் புள்ளிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கப்படும் முடிவு கணக்கிடப்படுகிறது. இருவரும் சமமான புள்ளி உடையவர்கள் என்றால் எதிர்பார்ப்பு 0.50. வேறுபாடு 100 என்றால் வலுவானவரின் எதிர்பார்ப்பு 0.64, 200 என்றால் 0.76; 400 என்றால் 0.92.

ஆட்டம் முடிந்தபின் வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0 என்று கொள்வர். அதிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து, வரும் விடையை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். புதிய ஆட்டக்காரருக்கும், 2300க்குக் குறைவான புள்ளியுடைய 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இப்பெருக்கெண் 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400ஐத் தொட்டவர்களுக்கு 10. இளையோரின் திறன் விரைவாக மாறும், மூத்தோரின் திறன் மெதுவாக மாறும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டத்தைச் சேர்ந்த, 1500 புள்ளிகள் கொண்ட ஒரு பள்ளி மாணவி, 1700 புள்ளிகள் கொண்ட ஒருவரோடு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மாணவியின் எதிர்பார்ப்பு 0.24. வென்றால் 0.76ஐ 40ஆல் பெருக்க 30.4 புள்ளிகள் கூடும். சமநிலை என்றால் 10.4 கூடும். தோற்றால் 9.6 மட்டுமே குறையும். அதே மாணவி தன்னைவிட 200 புள்ளிகள் குறைந்தவரை வென்றால் 9.6 தான் கிடைக்கும், தோற்றால் 30.4 போய்விடும்.

முதன்முதலாகப் பட்டியலில் இடம்பெற, ஏற்கெனவே தரப்புள்ளி பெற்றவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். பள்ளிக்குள்ளும் ஊருக்குள்ளும் எத்தனை ஆட்டங்கள் வென்றாலும் அவை இக்கணக்கில் சேரா. அங்கீகரிக்கப்பட்ட போட்டி நடக்கும் ஊருக்குப் பயணம் செய்து, நுழைவுக் கட்டணம் செலுத்தி, சில நாட்கள் தங்கி ஆடியே அந்த முதல் எண்ணைப் பெற முடியும்.

மூடிய வட்டத்தின் சிக்கல்

ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால், ஒருவர் இழக்கும் புள்ளி இன்னொருவருக்குப் போகுமே தவிர, குழுவின் மொத்தப் புள்ளி பெரிதாக உயராது. அக்குழு முழுவதும் திறனில் வளர்ந்திருந்தாலும் எண்கள் அதைக் காட்டா.

இச்சிக்கலை ஃபிடே இரண்டு முறை தன் கையாலேயே திருத்த நேர்ந்தது. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களின் புள்ளிகள் குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளன என்ற காரணத்தைக் கூறி, 1987 சனவரிப் பட்டியலில் பெண்களுக்கு 100 புள்ளிகள் கூட்டப்பட்டன. ஆண்களுடன் மிகுதியாக ஆடிவந்த ஹங்கேரியின் சூசன் போல்கருக்கு மட்டும் அது வழங்கப்படவில்லை. இதனால் பெண்கள் பட்டியலில் அவர் முதலிடத்தை இழந்தார். இம்முடிவு கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

இரண்டாவது திருத்தம் 2024 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2000க்குக் குறைவான புள்ளி உடையவர்களுக்கு, 2000இலிருந்து அவர்களின் புள்ளியைக் கழித்து வரும் எண்ணில் 40 விழுக்காடு கூட்டப்பட்டது. அதன்படி 1000 புள்ளிகள் கொண்டவர் 1400 ஆனார். 1500 கொண்டவர் 1700 ஆனார். 1800 கொண்டவர் 1880 ஆனார். பட்டியலின் அடிமட்ட எண்ணும் 1000இலிருந்து 1400 ஆக உயர்த்தப்பட்டது. எண்ணுக்கு மீறிய திறனோடு ஆடும் சிறுவர்கள் நிறைந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு இத்திருத்தம் மிகவும் பொருந்தியது.

ஆரோன் முதல் ஆனந்த் வரை

மானுவேல் ஆரோன் 1961இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். இப்பட்டத்தை அடைந்த முதல் இந்தியர் இவரே. அப்போது ஃபிடேயில் எலோ முறை இல்லை. மண்டலப் போட்டி வெற்றிகளே பட்டத்துக்கு வழி. 1962இல் அவர் ஸ்டாக்ஹோமில் நடந்த மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினார். வலுவான எதிராளிகளைத் தேடி வெளிநாடு சென்றாக வேண்டிய காலம் அது. 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார்.

அக்கழகத்தில் ஆடி வளர்ந்தவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியில் வென்று 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வெளிநாட்டு வீரர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து நடத்திய போட்டியில் பட்டம் நிறைவுற்றது இங்கே கவனிக்கத்தக்கது. 2006 ஏப்ரல் பட்டியலில் ஆனந்த் 2800ஐக் கடந்தார். உலகில் அந்த எல்லையைக் கடந்த நான்காவது ஆட்டக்காரர் அவர்.

2007 ஏப்ரல் பட்டியல் ஒரு சர்ச்சையைக் கிளப்பியது. ஆனந்த் வென்றிருந்த மொரேலியா–லினாரெஸ் போட்டியின் முடிவுகள் முதலில் வெளியான பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதனால் பல்கேரியாவின் வெசலின் தோபலோவ் முதலிடத்தில் இருந்தார். எதிர்ப்பு எழுந்தபின் ஃபிடே அம்முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. 2786 புள்ளிகளுடன் ஆனந்த் முதன்முறையாக உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார்.

1986 சூலை முதல் இந்தியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்துவந்த ஆனந்தை, 37 ஆண்டுகளுக்குப் பிறகு 2023 செப்டம்பர் 1 பட்டியலில் சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ் முந்தினார். குகேஷ் 2758, ஆனந்த் 2754. வேறுபாடு 4 புள்ளிகளே.

ஃபிடே சுற்றும் 2023 சென்னைப் போட்டியும்

உலக வாகையரை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் கொண்ட கேண்டிடேட்ஸ் தொடர் நடத்தப்படுகிறது. அதற்கான ஓர் இடத்தை, ஓர் ஆண்டு முழுவதும் பல போட்டிகளில் பெறும் புள்ளிகளைக் கொண்டு நிரப்பும் ஃபிடே சுற்று என்ற முறை 2023இல் அறிமுகமானது.

இச்சுற்றின் புள்ளி எலோ புள்ளியிலிருந்து வேறானது. போட்டியில் பெற்ற இடத்துக்கு ஓர் அடிப்படைப் புள்ளி உண்டு. அதைப் போட்டியின் வலிமை எண்ணால் பெருக்க வேண்டும். முன்னணிப் பங்கேற்பாளர்களின் சராசரித் தரப்புள்ளியிலிருந்து 2500ஐக் கழித்து 100ஆல் வகுத்தால் வலிமை எண் கிடைக்கும். சராசரி 2600 என்றால் வலிமை எண் 1. 2700 என்றால் 2. அதாவது ஒரே இடத்தைப் பிடித்தாலும் வலுவான போட்டியில் இருமடங்கு கிடைக்கும். 2023இல் ஒருவரின் சிறந்த ஐந்து முடிவுகள் மட்டும் கூட்டப்பட்டன.

ஆண்டின் இறுதிக்குள் குகேஷுக்கும் தெலங்கானாவைச் சேர்ந்த அர்ஜுன் எரிகைசிக்கும் இன்னும் ஒரு வலுவான போட்டி தேவைப்பட்டது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் குறுகிய கால அவகாசத்தில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் என்ற போட்டியை 2023 டிசம்பர் 15 முதல் 21 வரை நடத்தியது. பரிசுத் தொகை 50 லட்சம் ரூபாய். குகேஷ், அர்ஜுன், பி. ஹரிகிருஷ்ணா, லெவோன் அரோனியான், பர்ஹாம் மக்சூத்லூ உள்ளிட்ட எட்டுப் பேர் ஏழு சுற்றுகள் ஆடினர். குகேஷும் அர்ஜுனும் தலா 4.5 புள்ளிகள் எடுக்க, சமன்முறிவு விதிப்படி குகேஷ் முதலிடம் பெற்றார்.

ஆண்டு முடிவில் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா சுற்றில் முதலிடம் பெற்றார். ஆனால் அவர் உலகக் கோப்பை வழியாக முன்னரே தகுதி பெற்றிருந்தார். ஆகவே அவ்விடம் குகேஷுக்கு வந்தது. குகேஷின் மொத்தம் 87 புள்ளிகளுக்குச் சற்று மேல். அவரை நெருங்கி வந்த நெதர்லாந்தின் அனிஷ் கிரியின் மொத்தம் 84 புள்ளிகளுக்குச் சற்று மேல். சென்னைப் போட்டி நடக்காதிருந்தால் இந்த வரிசை மாறியிருக்கும்.

பிற நாடுகளில்

தகுதிக்காகப் போட்டி ஏற்பாடு செய்வது சரியா என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. ஆனால் இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததன்று. 2022இல் ரஷ்யாவின் செர்கே கர்யாகின் தடைசெய்யப்பட்டபோது, அவரிடத்துக்கு அதிகத் தரப்புள்ளி கொண்டவரைச் சேர்க்க வேண்டியிருந்தது. சீனாவின் டிங் லிரனுக்குப் புள்ளி இருந்தும், பெருந்தொற்றுக் காலப் பயணத் தடைகளால் தேவையான 30 ஆட்டங்கள் இல்லை. சீனக் கூட்டமைப்பு விரைவாகப் போட்டிகளை நடத்தி அக்குறையைத் தீர்த்தது.

2023 டிசம்பரில் தரப்புள்ளி வழி இடத்துக்காகப் பிரான்சின் அலிரேசா ஃபிரூஜாவும் அமெரிக்காவின் வெஸ்லி சோவும் போட்டியிட்டனர். ஃபிரூஜாவுக்காகச் சார்த்ர் நகரில் ஏற்பாடான ஆட்டங்களை ஃபிடே கணக்கில் சேர்க்க மறுத்தது. பின்னர் அவர் ரூவான் நகரத்து வெளிப்படைப் போட்டியில் ஏழு ஆட்டங்களையும் வென்று முந்தினார்.

இவ்வகை நிகழ்வுகளுக்குப் பின் விதிகள் இறுக்கப்பட்டன. 2026 கேண்டிடேட்ஸ் தொடரின் தரப்புள்ளி வழி இடத்துக்கு ஆறு மாதச் சராசரியும், குறைந்தது 40 ஆட்டங்களும் நிபந்தனைகளாயின. புள்ளி வேறுபாடு 400ஐத் தாண்டினாலும் 400 என்றே கொள்ளும் சலுகை, 2650க்கு மேற்பட்டவர்களுக்கு 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது. மிகவும் வலுக்குறைந்தவர்களை வென்று சிறுகச் சிறுகப் புள்ளி சேர்க்கும் வழி இதனால் அடைபட்டது.

விளைவுகள்

குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரில் 14 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்து வென்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்ற கணக்கில் தோற்கடித்து, 18 வயதில் உலக வாகையர் ஆனார். அந்த மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்த இருவருமே, தங்கள் நாட்டில் குறுகிய காலத்தில் ஏற்பாடான போட்டிகள் வழியே அப்பாதைக்குள் நுழைந்தவர்கள். போட்டி வாய்ப்பைத் தந்தது; வாய்ப்பை வாகையாக்கியது அவர்களின் ஆட்டம்.

சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி அதன்பின் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2024இல் மதுரை திருநகரில் பிறந்த அரவிந்த் சிதம்பரமும், 2025இல் ஜெர்மனியின் வின்சென்ட் கைமரும் வென்றனர். 2024 முதல் சேலஞ்சர்ஸ் என்ற இரண்டாம் பிரிவும் சேர்க்கப்பட்டது. அதில் வென்ற வெ. பிரணவ் அடுத்த ஆண்டு முதன்மைப் பிரிவில் ஆடினார். 2025ஆம் ஆண்டுச் சுற்றில் முதலிடம் பெற்று ர. பிரக்ஞானந்தா 2026 கேண்டிடேட்ஸ் தொடருக்குத் தகுதி பெற்றார்.

முன்னணி வீரர்களுக்கு இவ்வாறு உள்ளூரிலேயே வழி கிடைத்துவிட்டது. சிற்றூர் மாணவர்களைப் பொறுத்தவரை, முதல் 5 ஆட்டங்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட போட்டி எவ்வளவு தொலைவில் நடக்கிறது என்பதே இன்றும் முதன்மையான கேள்வி. சென்னையில் உயர்மட்டத்தில் செய்த ஏற்பாட்டை மாவட்ட, வட்ட அளவில் செய்வதற்குப் பெருந்தொகை தேவையில்லை. அங்கீகாரம், தகுதிபெற்ற நடுவர், ஏற்கெனவே புள்ளி பெற்ற சில ஆட்டக்காரர்கள் ஆகியவை இருந்தால் போதும்.