நாய்க்குக் கல் உண்டு, சிப்பாய்க்கு இல்லை

பீங்கான் பொம்மைக்குப் பெயர்போன விருத்தாசலம் 1751-இல் ஓர் எல்லை ஊர். ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே சந்தா சாகிபைத் தூக்கிப் பிடித்தார். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்த இங்கிலீஷ்காரர்கள் முகமது அலி பக்கம் நின்றார்கள். மணிமுத்தாற்றங்கரைப் பழமலைநாதர் கோயில், மதில் உயரமாக இருந்த பாவத்துக்காக, முகமது அலியின் கோட்டையாகிவிட்டது. பக்கத்துப் பாளையக்காரர் அதை முற்றுகையிட்டபோது இங்கிலீஷ் கம்பெனியின் பிகாட்டும் கிளைவும் படையோடு வந்து மீட்டார்கள். சில சிப்பாய்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் சுட்டார்கள். சிப்பாய்கள் செத்தார்கள், துரைமார் இருவரும் குதிரையைத் தட்டிவிட்டுத் தப்பினார்கள். இதை எழுதிவைத்த ராபர்ட் ஓர்மின் வரலாற்றில் தப்பியவர்களின் பெயர் இருக்கிறது, செத்தவர்களின் பெயர் இல்லை. பிகாட் பின்னாளில் சென்னை கவர்னர் ஆனார். கிளைவுக்கு 1912-இல் லண்டனில் சிலை எழுந்தது.

அந்தக் காலத்தில் சாதாரணப் போர்வீரனுக்கு யார் கல் நட்டார்கள் என்று கேட்கலாம். நம் ஊரில் நட்டார்கள், அதுவும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே. செங்கம் பகுதி நடுகற்கள் ஆநிரைப் பூசலில் விழுந்தவனின் பெயர், ஊர், அரசனின் ஆட்சியாண்டு எல்லாவற்றையும் சொல்கின்றன. எடுத்தனூர்க் கல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வீரனோடு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஆக, வழக்கம் தெரியாமல் போகவில்லை. மாடு மீட்கப் போனவன் ஊருக்காகச் செத்தான், ஊர் கல் எடுத்தது. கம்பெனிச் சிப்பாய் சம்பளத்துக்காகச் செத்தான். அவனை எந்த ஊர் உரிமை கொண்டாடும்?

கூலிப்படைக்கு நினைவு எதற்கு என்பார்கள். இதற்குப் புதுச்சேரிக் கடற்கரையே பதில் சொல்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களும் சம்பளம் வாங்கியவர்கள்தான். அவர்களுக்குத் தூண்கள் நிற்கின்றன, ஜூலை 14-இல் விளக்கும் எரிகிறது. காரணம், அவர்களைத் தன்னவர் என்று சொல்ல ஓர் அரசு இருந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கிய ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் புதுச்சேரியிலேயே இருந்தன. செத்தவனின் வீரத்தைவிட, பின்னால் நின்று கேட்க ஆள் இருந்ததா என்பதே கல்லைத் தீர்மானிக்கிறது. விருத்தாசலத்துச் சிப்பாய்களுக்கு ஆள் இல்லை. விருத்தாசலத்துச் சூளையிலேயே சுட்ட பீங்கான் ஓடு ஒன்றில் ‘1751’ என்றும், ‘பெயர் தெரியாத சிப்பாய்கள்’ என்றும் எழுதி ஊர்க்காரர்கள் பதிக்கலாமே. பெரிய செலவு ஒன்றும் இல்லை.