துரிசுக்குள் ஒரு பொறியியலாளன்

ஹென்றி பாக்கர் பிரித்தானியர் கால நீர்ப்பாசனப் பொறியியலாளர். பழங்குளங்களை ஆராய்ந்தபோது, அணைக்கட்டின் நீர்ப்பக்கமாகக் கற்பலகைகளால் கட்டிய சதுரக் கிணறுகளைக் கண்டார். சிங்களத்தில் 'பிசோகொட்டுவ' என்பார்கள்.

குளம் ஆழமாக ஆக, துரிசில் பாயும் நீரின் வேகமும் கூடும். விட்டால் அணையையே அரித்துத் தின்றுவிடும். ஆகவே நீரை முதலில் இக்கிணற்றுக்குள் இறக்கி, கதவால் அளவுபடுத்தி, வேகம் தணித்தே வெளியே விட்டார்கள். இன்றைய வால்வின் வேலைதான் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய இந்த உத்தியில் உலகுக்கு முன்னோடிகள் இலங்கையரே என்று 1909இல் வெளியான தம் நூலில் பாக்கர் எழுதினார். அந்நிய அதிகாரி ஒருவர் இப்படி மனந்திறந்து ஒப்புக்கொண்டது பெரிய விடயம்தான்.

கலாவெவயிலிருந்து அநுராதபுரம் நோக்கி 54 மைல் ஓடும் யோத எல, முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிகிறது. கலாவெவயைக் கட்டிய தாதுசேனன் சூளவம்சத்தில் இருக்கிறான். மட்டம் பார்த்தவன் பெயர் எங்கே?

எங்கள் கிழக்கிலே வட்டவிதானைமார் உண்டு. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த வாய்க்கால் எவ்விடத்தில் உடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருமுறை விதைப்புக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பட்டம் பெற்றவர்கள் மேடையில் வரைபடம் விரித்திருந்தார்கள். கதிரை கிடைக்காத வட்டவிதானையார் வாசலோரம் நின்று, அவ்வரைபடத்தில் விடுபட்டிருந்த வாய்க்கால் ஒன்றை என்னிடம் மெல்லச் சொன்னார்.