கப்பற்காரரின் நாட்குறிப்பும் செக்ரோல் பெயரும்

சிலாங்கூரின் பூச்சோங்கில் இன்று ரப்பர் மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெடுஞ்சாலையும் பேரங்காடிகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. காசல்ஃபீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்கள் மட்டும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1942 ஜனவரி 11-இல் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தபோது, இந்தப் பக்கமெல்லாம் பால்மரக் காடு. வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போயிருந்தார்கள்.

அதற்கு ஏழு வாரம் கழித்து, மார்ச் 1-ஆம் தேதி, சுந்தா நீரிணையில் ‘பெர்த்’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்த 681 பேரில் 353 பேர் இறந்தார்கள். தலைவர் ஹெக்டர் வாலரும் அவர்களில் ஒருவர். கரையேறியவர்கள் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் பலர் பிறகு சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலாங்கூர் தோட்டங்களின் தமிழர்களும் அதே பாதைக்குத்தான் போனார்கள்.

415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்துக்கொண்டு போனது. ஆட்களையும் மலாயாவிலிருந்தே அள்ளினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. நம்பிப் போனவர்கள் உண்டு; லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. கையில் கிடைத்த, ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு என்ன மதிப்பு என்பதை ஜப்பான் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வாழ்ந்தவர்களிடம் கேட்கத் தேவையில்லை.

போர்க்கைதிக்கு வீட்டுக்கு அனுப்ப ஒரு அச்சடித்த அட்டை கிடைத்தது. நான் இந்த இடத்தில் சிறைப்பட்டிருக்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது, அல்லது மோசம், சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று வரிகள் அதில் தயாராக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி பொய்யான அந்த அட்டை மாதக்கணக்கில் தாமதமாக வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனாலும் அது ஒரு காகிதம். மேஜை இழுப்பறையில் தங்கும், பேரப்பிள்ளை கையில் போய்ச் சேரும்.

பெர்த்தின் கடலோடி ரே பார்க்கின் இன்னும் ஒரு படி மேலே போனார். ரயில் பாதை முகாம்களில் நாட்குறிப்பு எழுதினார், படங்கள் வரைந்தார். 1944-இல் அவரை ஜப்பானுக்கு அனுப்பியபோது படங்களை ராணுவ மருத்துவர் எட்வர்ட் டன்லப்பிடம் ஒப்படைத்தார். டன்லப் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். ரயில் பாதை நாட்களைச் சொல்லும் பார்க்கினின் புத்தகம் 1963-இல் வெளியானது.

தோட்டத் தொழிலாளிக்கு இருந்த ஒரே காகிதம் கிராணியின் செக்ரோல். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தான் வரவில்லை என்று குறித்த ஏடு அது. சயாமில் அதுவும் இல்லை. லயத்தில் காத்திருந்தவளுக்குக் கணவன் வருவான் மாட்டான் என்று யார் எழுதுவது? எழுதியிருந்தாலும் கொண்டுவந்து சேர்க்கத் தபால் ஏது? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்களில்தான் சாவு மிக அதிகம்; மருத்துவர் இல்லை, பிணங்கள் கும்பலாகப் புதைக்கப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. போருக்குப் பிந்தைய கணக்கில், மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000, இறந்தவர்கள் ஏறக்குறைய 29,000. குறைத்துப் போட்ட கணக்கு என்றே ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள்.

பெர்த் என்ன ஆயிற்று என்பதே வீட்டாருக்கு இரண்டரை ஆண்டு தெரியவில்லை. 1944 செப்டம்பரில் கைதிகளை ஏற்றிய ‘ரக்குயோ மாரு’ கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியது. கடலில் மிதந்தவர்களைப் பிறகு அமெரிக்க நீர்மூழ்கிகளே மீட்டன. அவர்களில் பெர்த்தின் மாலுமிகள் சிலரும் இருந்தார்கள். கப்பலின் கதையும் ரயில் பாதையின் கதையும் ஒன்றாகவே ஆஸ்திரேலியாவுக்குப் போயின. கப்பலோடு போனவர்களின் பெயர்கள் பிளிமத் கடற்படை நினைவுச்சின்னத்தில் உள்ளன. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் 6,982 பேர் அடக்கம். எல்லாரும் கைதிகள். தோட்டத்துக் கூலிகளுக்கு அங்கே இடமில்லை.

தமிழில் இதை எழுதிவைத்தவர்கள் நாவலாசிரியர்கள்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வந்தது, பார்க்கினின் புத்தகத்துக்கு முப்பது ஆண்டு கழித்து. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ வர மேலும் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.