இசைத்தட்டில் தினைப்புனம்

நம்மிடையே புழங்கும் இசைத்தட்டுக் கதைகளில் பாடகர்கள் வருகிறார்கள், கம்பெனிகள் வருகின்றன. தட்டைக் கேட்டவர்கள் வருவது அபூர்வம். வந்தாலும் 'ரசிகப் பெருமக்கள்' என்று மொத்தமாக வருவார்கள். தனி ஒருவர் எந்த இடத்தில் தலையாட்டினார், எந்த இடத்தில் சிரித்தார் என்பதற்குப் பதிவில்லை. வேறொரு பக்கத்திலிருந்து இந்த வரலாற்றைத் தொட்டுப் பார்க்க எனக்கு வாய்த்தது, கொல்லிமலையில் அரியூர் நாட்டு நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பழைய தட்டுகளைக் கேட்டதால்தான். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த விவசாயி. பெட்டி அவருடையது, சாவி கொடுத்தால் ஓடுவது. தட்டுகள் என்னுடையவை. ஐப்பசி மழையில் வேறு வேலையும் கிடையாது.

1902இல் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது பாட்டின் முடிவில் அவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். ஹனோவர் ஆலையில் தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு யாருடைய தட்டு என்று தெரிய வேண்டுமே! இதைச் சொன்னதும் நண்பருக்குப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஓரி விழாவில் யாரோ மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறார். காட்டில் வேட்டுவன் ஒருவனைப் பாணர்கள் பார்க்கிறார்கள். அவன்தான் ஓரி என்று தெரியாமலே பாடுகிறார்கள். பாட்டில் 'கோ' என்று வந்ததும் அவன் வெட்கப்பட்டுப் போகிறான். வன்பரணர் பாட்டில் பெயர் கேட்பவனுடையது. தட்டில் பெயர் பாடுகிறவருடையது. எதிரே யார் என்பது தட்டுக்குத் தெரியாது. "நாம வெக்கப்பட்டாலும் அதுக்குத் தெரியாதுங்க சார்" என்றார்.

தனம்மாள் 1932இல் கொலம்பியாவுக்கு வாசித்த வீணையை இரண்டு தடவை போடச் சொன்னார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இது யாருக்கோசரமும் வாசிச்ச மாதிரி இல்லீங்க" என்றார். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசிக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

சண்டை வந்தது வள்ளி திருமணத்தில். சங்கரதாஸ் சுவாமிகளின் இந்த நாடகம் இல்லாமல் தமிழ் இசைத்தட்டின் கதையே இல்லை. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1926இல் கொழும்பில் சேர்ந்து நடித்தார்கள், மறு வருஷம் மணம், 1933இல் கிட்டப்பா இறக்கும்போது வயது 27. அந்த மேடைப் பாட்டுகள்தான் மூணு மூணு நிமிஷமாக வெட்டுப்பட்டுத் தட்டேறின. லேபிள் கிழிந்துபோன ஒரு ஆலோலத் தட்டைப் போட்டேன். பாதியில் சிரித்துவிட்டார்.

"தெனைக்குக் காவல் இருக்கறவ இப்பிடிச் சாவகாசமா இழுத்தான்னா கிளி மொத்தக் கதிரையும் தின்னுபோட்டுப் போயிருங்க சார். வெரட்டற கொரல் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு எறங்கணும். இது எதிர்ல சேர் போட்டு ஒக்காந்தவனுக்குப் பாடறது."

இது நாடக மரபு, இதில் யதார்த்தம் பார்க்கக்கூடாது என்றேன். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை போக வேண்டிய குரல் அது என்றும் வாதாடினேன். அடுத்து கிட்டப்பா. உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும் குரல். "இவரு வெரட்டுவாருங்க. காவலுக்கு இவரை வச்சிருக்கணும்" என்று தீர்ப்பு சொல்லி வள்ளியின் வேலையை முருகனுக்குக் கொடுத்துவிட்டார்.

வேடிக்கைதான். ஆனால் அந்தச் சிரிப்பு எதைத் தொடுகிறது? மலை, தினை, குறமகள் என்று நாடகம் கட்டியெழுப்பிய குறிஞ்சி முழுக்கச் சமவெளியின் கற்பனை. மேடை கட்டியதும் டிக்கெட் வாங்கியதும் கீழே. மலைக்காரன் அந்தப் பிரதிக்குள் பேசுபொருளாக இருந்தானே தவிர, காது கொடுக்கிறவனாக எதிர்பார்க்கப்படவில்லை. தட்டின் வளையங்களை ஒருவகை எழுத்து என்றே அடோர்னோ 1934இல் பார்த்தார். எழுத்தானால் அது எவர் கைக்கும் போகும். கச்சேரியில் யாரும் எழுந்து நின்று 'இந்த இடம் பொய், திரும்பப் பாடு' என்று சொல்ல முடியாது, சபா விடாது. தட்டில் முள்ளைத் தூக்கிப் பின்னால் வைத்தால் போதும். மூணு நிமிஷ வெட்டு கலைக்குச் செய்த கொலை என்று நம் விமர்சகர்கள் புலம்புவதுண்டு. அதே வெட்டுதான் வாக்குவாதத்தைச் சாத்தியமாக்கியது என்பது என் எண்ணம். இரண்டு பேர், ஒரு பெட்டி, திரும்பத் திரும்ப அதே மூணு நிமிஷம்.

ராஜரத்தினத்தின் தோடியில் எங்களுக்குள் தகராறே இல்லை. பேச்சில்லாமல் அடுத்த தட்டுக்குப் போனோம்.

அவர் சிறுவயதில் காவல் இருந்தவர். எப்படி விரட்டுவீர்கள் என்று கேட்டேன். வாசலுக்குப் போய் ஒரு தடவை குரல் கொடுத்தார். அதில் ராகம் என்று நான் எதையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. நான் கொண்டுபோன தட்டுகளில் அந்தக் குரல் ஒன்றுகூட இல்லை. இப்போதும் அவர் விரட்டுவதுண்டா? அவருடைய காட்டில் தினையும் சாமையும் போய்ப் பல வருஷமாகிறது. குச்சிக்கிழங்குதான், ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகிறது.

"கெழங்குக்குக் கிளி வராதுங்க சார், பன்னிதான் வரும். அதுக்குப் பாடி என்ன பண்றது?" என்றவர், ஆலோலத்தையே இன்னொரு முறை போடச் சொன்னார்.