முன்பாரம், பின்பாரம்

கேரவனையும் பிக்கப்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் இரும்புக் குண்டு. குறுக்களவு 50 மில்லிமீட்டர், ஒரு தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. கேரவனின் கொக்கி அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். எங்கள் கேரவனின் கதையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சத்தம்தான்.

வண்டி பிறந்தது ஜெர்மனியின் வடகோடியில், ரென்ஸ்பூர்க் நகருக்குப் பக்கத்திலுள்ள ஃபொக்பெக் என்ற சிற்றூரில். 1967இல் ஹரால்ட் ஸ்ட்ரீவ்ஸ்கி அங்கே தொடங்கியதுதான் ஹாபி தொழிற்சாலை. அங்கிருந்து டென்மார்க் எல்லை ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். அடிச்சட்டத்தில் இருப்பதோ தெற்கே பவேரியாவைச் சேர்ந்த அல்-கோவின் முத்திரை. அலோயிஸ் கோபர் 1931இல் தொடங்கிய கொல்லுப்பட்டறை வளர்ந்துதான் அந்த நிறுவனம் ஆனது. அதே 1931இல்தான் இஸ்னி நகரில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் ஜெர்மனியின் முதல் கேரவனைச் செய்தார். சவுக்கும் பனிச்சறுக்குத் தடியும் விற்க ஊர் ஊராகப் போன மனிதர் அவர். தான் மணக்கவிருந்த ஓவியர் ஃப்ரீடல் எடெல்மானும் கூடவே வர வேண்டும் என்பதற்காகத் தன் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டைக் கட்டினார். பிரிந்திருக்க மனமில்லாத இருவருக்காகப் பிறந்த வண்டி என்பதால் கேரவன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எங்கள் கைக்கு அது மூன்றாவது கையாக வந்தது. நாங்கள் டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்தில், ஹெர்னிங்கில் இருக்கிறோம். எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் யூலாந்தின் சிறு நகரங்கள் பலவற்றில் வேர்விட்டன. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. கேரவனின் வெற்று எடை 1,150 கிலோ, சாமானோடு 1,350 வரை போகலாம் என்று கதவோரத் தகட்டில் அடித்திருந்தது. இழுக்கத் தம்பியின் பிக்கப் இருந்தது. அவன் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன், வண்டிக்கு மஞ்சள் இலக்கத் தகடு. டென்மார்க்கில் மஞ்சள் தகடு என்றால் சரக்கு வாகனம். சொந்தப் பாவனைக்கு எடுப்பதென்றால் அதற்குத் தனி வரி. அவன் அதைக் கட்டியிருந்தான்.

"அண்ணை, இது மூன்றரை டன் இழுக்கும். உங்கட பெட்டி எனக்கு ஒரு தூசு," என்றான்.

இழுக்கும்தான். ஆனால் நான் ஓட்டக் கூடாது. சாதாரண பி வகை உரிமத்தில், 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டி என்றால், இரண்டு வண்டிகளுக்கும் அனுமதித்த மொத்த எடைகளின் கூட்டுத்தொகை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பி பிளஸ் எடுத்தால் 4,250 வரை போகலாம். தம்பியின் பிக்கப்புக்கு அனுமதித்த மொத்த எடையே 3,200 கிலோ. அதோடு 1,350ஐக் கூட்டினால் 4,550. பிஈ உரிமம் வேண்டும். அது அவனிடம்தான் இருந்தது. இதே கேரவனை 2,000 கிலோ அனுமதியுள்ள ஒரு குடும்பக் காரில் மாட்டினால் என் உரிமமே போதும். பெரிய வண்டி வாங்கினால் எல்லாம் சுலபம் என்று நினைத்து வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

முதல் பயணம் றோமோ தீவுக்கு. 1948இல் திறந்த, ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அணைப்பாதை அந்தத் தீவைத் தரையோடு இணைக்கிறது. லகோல்க் கடற்கரையில் ஈர மணல்மேலேயே கார் ஓட்டிப் போகலாம். பிள்ளைகள் ஒரு வாரமாக இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவியும் நானும் முந்தின இரவே சாமான் அடுக்கினோம். கேரவனின் பின்பக்கத்தில் பெரிய அலமாரி காலியாக இருந்தது. அரிசி மூட்டை, முன்பந்தல் துணி, அதன் கம்பிகள், தண்ணீர்க் கலன், கிரைண்டர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்தோம்.

கிரின்ஸ்டெட் தாண்டி ரீப நோக்கிப் போகும்போது எதிரே ஒரு லொறி வந்தது. அதன் காற்று அறைந்த அடுத்த நொடி கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. இடம், வலம், மறுபடி இடம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிது. பிக்கப்பின் பின்பக்கத்தையே அது பிடித்து அசைத்தது. தம்பி பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான், ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தான். வேகம் 50க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கிவிட்டது. பின்சீட்டில் யாரும் பேசவில்லை.

ஓரங்கட்டி இறங்கியபோதுதான் எனக்கு அப்பு ஞாபகம் வந்தார். ஊரில் மாட்டு வண்டியில் உரமூட்டை ஏற்றும்போது ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழும்பினால், "பின்பாரமாக் கிடக்கு, முன்னுக்குத் தள்ளு" என்பார். கை கனத்தால், "மாட்டுக் கழுத்து முறிஞ்சிடும், பின்னுக்கு எடு" என்பார். கேரவன் செய்தது அதையேதான். பின்னால் பாரம் கூடியதும் முன்கொக்கி குண்டின்மேல் அழுந்தவில்லை. அழுத்தம் குறைந்தால், அச்சை நடுவாக வைத்து வண்டி ஊஞ்சலாகிவிடும். பிக்கப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் பின் அச்சுக்கும் குண்டுக்கும் நடுவே தூரம் அதிகம், அதனால் கேரவனின் ஒவ்வோர் இழுப்பும் நெம்புகோல்போலப் பெருகி வந்து சேரும். குண்டு உயரத்தில் இருந்தால் கேரவன் மூக்கைத் தூக்கி நிற்கும். அதுவும் ஆட்டத்துக்கு அழைப்புத்தான்.

வழியில் ஒரு கேரவன் முகாமில் ஒதுங்கி எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினோம். அரிசியும் கிரைண்டரும் அச்சுக்கு நேர் மேலே, தரையில். பந்தல் துணி பிக்கப்பின் தொட்டிக்குப் போனது. தண்ணீரைக் கொட்டிவிட்டோம். பக்கத்து டேனிஷ் முதியவர் ஒருவர் நாங்கள் படும் பாட்டைப் பார்த்து, தன் குளியலறைத் தராசையும் ஒரு கட்டைத் துண்டையும் கொண்டுவந்தார். கட்டையைத் தராசின்மேல் நிறுத்தி, கொக்கியை அதன்மேல் இறக்கி, முள்ளைப் பார்க்கச் சொன்னார். 85 கிலோ. எங்கள் கொக்கிக்கு உச்சவரம்பு 100, பிக்கப்பின் குண்டுக்கு 120. இரண்டில் சிறியதுதான் கணக்கு என்றார். பிறகு குண்டை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி அதற்குக் கிரீஸ் பூசியிருந்தான். அச்சுக்கு மசகு போட்டுப் பழகிய பரம்பரை நாங்கள்! ஆனால் ஆட்டம் தடுக்கும் இந்த வகைக் கொக்கிக்குள் குண்டை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள் இருக்கின்றன, கிரீஸ் பட்டால் அவை வழுக்கிவிடும். குண்டு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும்.

அன்று றோமோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்தக் காற்றுக்கும் அசையவில்லை வண்டி. பிள்ளைகளைத்தான் மணலிலிருந்து கிளப்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேரவன் பல கோடைகளில் பல ஊர் போனது. மிக நீண்ட வழி கொப்பன்ஹேகனுக்கு. ஃபூன் தீவையும் ஷெலாந்தையும் இணைக்கும் ஸ்டோரபெல்ட் இணைப்பு 18 கிலோமீட்டர் நீளம். 1998 ஜூன் 14 அன்று வாகனங்களுக்குத் திறந்தது, அதுவரை கப்பல்தான். தொங்குபாலத்தின் கோபுரங்கள் 254 மீட்டர் உயரம், நடு இடைவெளி மட்டும் 1,624 மீட்டர். பாலத்தின்மேல் தடுப்பேதும் இல்லாமல் குறுக்காக வீசும் காற்றுக்குக் கேரவனின் பக்கச்சுவர் ஒரு கப்பற்பாய். பாலத்தின் இக்கரையிலுள்ள நியூபோர்க்கில் காற்றெச்சரிக்கைப் பலகை எரிவதைப் பார்த்து நாங்கள் ஓர் இரவு தங்கிவிட்டோம். 2019 ஜனவரி 2 அன்று புயற்காற்றில் அதே இணைப்பின் இன்னொரு பாலத்தில் சரக்கு ரயிலின்மேல் ஏற்றியிருந்த வெற்று டிரெய்லர் ஒன்று நகர்ந்து, எதிரே வந்த பயணிகள் ரயிலில் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். டிரெய்லரின் முளை ரயில்பெட்டியின் பூட்டுக்குள் சரியாகப் பூட்டப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, 'டக்' சத்தம் கேட்டாலும் நம்பாமல், முன் சில்லை இறக்கிக் கொக்கியோடு பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் புறப்பட்டோம்.

போன வருடம் கூரையோரம் ஈரம் இறங்கிவிட்டது. வண்டி இனி ஓடாது. ஒரு முகாமில் நிரந்தரமாக நிற்கிறது, சில்லுகளுக்கு அடியில் கட்டை வைத்திருக்கிறோம்.

இந்தக் கோடையில் முதல்முறையாகக் கேரவன் மாட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிக்கப் எத்தனை டன் இழுக்கும் என்று விசாரிப்பதற்கு முன்னால், வீட்டுக் குளியலறையிலிருந்து தராசை எடுத்து வாருங்கள். கொக்கியை அதன்மேல் இறக்கிப் பாருங்கள்.