ஊர் கூடிக் கல் பொறுக்கிய கதை

கல்யாண வீட்டில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. கல் பொறுக்கியாக வேண்டும். சமையற்காரர் தனியாக உட்கார்ந்தால் முகூர்த்தமே முடிந்துவிடும். என்ன செய்வார்கள்? அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று வந்தவர் கையிலெல்லாம் ஒரு முறம். ஆளுக்கு இரண்டு படி. சும்மா ஊர்க்கதை பேசுகிற கைகள்தானே! மத்தியானத்துக்குள் மூட்டை காலி.

இந்த முற வைத்தியத்தைத்தான் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தார்கள்.

வேற்றுக்கிரகத்தில் யாராவது இருந்து, ரேடியோ அலையில் குரல் கொடுத்தால் நமக்குக் கேட்குமா? இதுதான் அவர்கள் கேள்வி. போர்ட்டோ ரிக்கோ தீவில், அரசிபோ என்ற இடத்தில் 305 மீட்டர் அகலத்துக்கு ஒரு ராட்சச ரேடியோ தொலைநோக்கி இருந்தது. அது கேட்ட இரைச்சலையெல்லாம் டேப்பில் பதிந்து பெர்க்லிக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஆமாம், தபாலில்! அங்கிருந்த இன்டர்நெட் லைன் அவ்வளவு மெதுவு.

டேப் வந்துவிட்டது. அலசுவதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டுமே? காசுக்கு எங்கே போவது? டேவிட் ஆண்டர்சன், டான் வெர்த்திமர் குழுவினர் 1999 மே 17-ல் 'செட்டி அட் ஹோம்' என்ற சின்ன மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். பார்வைக்கு அது ஒரு ஸ்க்ரீன் சேவர். நீங்கள் காபி குடிக்க எழுந்து போனதும் அது வேலையை ஆரம்பிக்கும். பெர்க்லியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளும். சுமார் 107 விநாடி வானத்து இரைச்சல். கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த பொட்டலத்தைக் கேட்கும். மொத்தத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

எல்லா வேலையையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. என் முறத்து அரிசிக்கும் உங்கள் முறத்து அரிசிக்கும் பேச்சுவார்த்தை தேவையில்லை. ஆனால் ஒரே அண்டா சாம்பாரைப் பத்து வீட்டில் பங்கு போட்டுக் கொதிக்க வைக்க முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பின் தெரியாத ஆளிடம் முறத்தைக் கொடுத்தால், பொறுக்காமலேயே 'ஆச்சு' என்று சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்? சொன்னார்கள். யார் அதிகம் முடித்தார்கள் என்ற பட்டியலில் முந்துவதற்காகச் சிலர் பொய் விடை அனுப்பினார்கள்! வைத்தியம் எளிது. ஒரே பொட்டலத்தை ஒருவருக்கு மேல் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முன்பின் தெரியாதவர்களை விட்டுவிட்டு, நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தங்கள் கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அதுதான் 'கிரிட்'. மின்சார கிரிட்டிலிருந்து எடுத்த பெயர். பிளக்கைச் செருகினால் கரண்ட் வருகிறது. எந்த அணையிலிருந்து வந்தது என்று யார் கேட்கிறோம்? இயான் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் இருவரும் 1998-ல் தொகுத்த ஒரு புத்தகம் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. ஜெனீவாவில் 2012-ல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தபோது மலைமலையாய்க் குவிந்த தகவல்களை அலசியது இப்படிப்பட்ட கிரிட்தான். அதில் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும்கூடப் பங்கு உண்டு.

சரி, ஐம்பது லட்சம் பேர் தேடினார்களே, வேற்றுக்கிரகவாசி கிடைத்தாரா?

இல்லை. 2020 மார்ச் 31-ம் தேதியோடு பெர்க்லிக்காரர்கள் பொட்டலம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-ல் அரசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. இருபது வருட உழைப்பு வீண்தானா என்று கேட்கத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். அதே 2020 மார்ச்சில், ஊரடங்கில் முடங்கிக் கிடந்த லட்சக்கணக்கானோர் இன்னொரு முறத்தைக் கையில் எடுத்தார்கள். 'ஃபோல்டிங் அட் ஹோம்'. ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே 2000-ல் ஆரம்பித்தது. புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று கணக்குப் போடும் திட்டம். இந்தத் தடவை தேடியது, கொரோனா கிருமியின் முள் போன்ற புரதம் எப்படி வாயைத் திறக்கிறது என்பதை. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து விநாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட அளவு கணக்குகளைத் தாண்டின. உலகத்தின் எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டரும் அன்றைக்கு அந்த எண்ணைத் தொட்டதில்லை. பட்டியலில் முதலாவதாக ஒன்று தொட்டது 2022-ல்தான்.

வேற்றுக்கிரகத்து ஆளைத் தேடிய கூட்டம், பூமியில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்று காட்டிவிட்டுப் போயிருந்தது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதா? முறம் இன்னமும் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். கரண்ட் பில் மட்டும் உங்களுடையது.